ஊமத்தையும் காளானும்

சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்குச் சில நாட்கள் முன்னர், எம் கல்லூரி விடுதியில் இரவுணவிற்குப்பின் நண்பர் சிலர் கூடியிருந்தபொழுது வாதம் ஒன்று எழுந்தது. கொடைக்கானலுக்குச் செல்லக் கருதியிருந்த நண்பர் ஒருவர், "அம்மலையில் விளையும் ஒருவகைக் காளானை உண்டால் கண்முன் விந்தைக் காட்சிகள் தோன்றுமாம். மேனாட்டு வைத்தியர்கள் அதன் சத்தையே மனநோயாளர்க்கு மருந்தாகக் கொடுக்கின்றனராம். வைத்தியர் மருந்தென்று கொடுப்பதை நாம் ஒருமுறை உண்டு பார்த்தால் குற்றம் என்னை?" என்று வினவினார். சிலர் நகைத்தனர், சிலர் சினந்தனர், விடை கூறினார் ஒருவரும் இலர். யானும் அன்று வாய்மூடியே இருந்தேன். பின்னர் எண்ணிப் பார்க்குங்கால், அவ்வினா நகைப்பிற்கும் உரியதன்று, சினத்திற்கும் உரியதன்று, தக்க விடைக்கே உரியது என்று தோன்றிற்று. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

விடையின் முதற்பகுதி, தொலைவிலுள்ள கொடைக்கானலில் அன்று, யான் பிறந்த பள்ளிப்பட்டிலேயே கிடைத்தது. திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர நாட்டின் எல்லையையொட்டிக் குசத்தலை யாற்றங்கரையில் அமைந்தது எம்மூர். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணித் தாலுகா சித்தூர் ஜில்லாவினின்றும் பிரிந்து சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தது. எனினும் எம்மூரார் நாவில் தமிழும் தெலுங்கும் இன்றளவும் ஒருங்கே வழங்குகின்றன. சாலையோரத்திலும் குப்பைமேட்டிலும், எக்காளம் போன்ற மலரும் முள் நிறைந்த உருண்டைக் காயும் தாங்கி நிற்கும் செடி ஒன்றினைத் தமிழர் ஊமத்தை என்பர். தெலுங்கர் உம்மெத்த என்பர். இரண்டும் உன்மத்தம் என்னும் வடசொல்லின் திரிபுகளே. உன்மத்தமாவது பித்து. உண்டார்க்கு வருவது இன்னதென்பதைத் தன் பெயரிலேயே அறிவித்து நிற்கும் செடி இது. சிவபெருமானுக்குரிய மலர்களுள் ஒன்றாக, மத்தம் என்று சைவத் திருமுறைகள் குறிப்பதும் இதனையே.

என் பாட்டனார் இரைப்பு நோயால் நெடுங்காலம் வருந்தியவர். மார்கழிப் பனியில் மூச்சுத் திணறி, இரவெல்லாம் சுவரிற் சாய்ந்தபடி விழித்திருப்பார். யான் சிறுவனாயிருந்த அந்நாளில், எம்மூர் நாட்டு வைத்தியர் ஒருவர் நிழலில் உலர்த்திய ஊமத்தையிலையைச் சிறிதளவு தம் கையாலேயே கொணர்ந்து, தணலில் இட்டு, அப்புகையைச் சிறிதே முகரச் செய்வார். பாட்டனாரின் நாடியைப் பிடித்தபடி அருகிலேயே அமர்ந்திருப்பார். சற்று நேரத்தில் மூச்சு இளகும். "மிச்ச இலையை இங்கேயே வைத்துவிட்டுப் போகலாகாதா, ஐயா?" என்று பாட்டியார் ஒருநாள் கேட்டதற்கு, "வேண்டாம், அம்மா. என் கையில் இருந்தால் இது மருந்து, உங்கள் அடுக்களையில் இருந்தால் நஞ்சு" என்று அவர் மறுமொழி கூறியது இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது.

அவர் கூற்றின் மெய்ம்மையைச் சில ஆண்டுகட்குள் கண்கூடாகக் கண்டேன். எம் தெருவில் நெசவாளர் வீட்டுச் சிறுவன் ஒருவன், பதினான்கு வயதினன், தோழர்களின் பந்தயத்திற்கு இசைந்து ஊமத்தங்காயின் விதைகளை மென்று தின்றான். விளக்கு வைக்கும் வேளையில் அவன் முகம் சிவந்தது, உடல் கொதித்தது, நா வறண்டது. இல்லாத நூலை விரல்களால் இழுத்து இழுத்துச் சுற்றத் தொடங்கினான். பெற்ற தாயை இன்னாரென்று அறிந்திலன். காற்றுச் சேட்டை என்று கருதி வேப்பிலை யடித்தும் விபூதி யிட்டும் பல நாழிகைகளை வீணாக்கினர் வீட்டார். இறுதியில் அந்த வைத்தியரே வந்து, அவனுடைய கண்மணிகள் அகல விரிந்திருத்தலையும் தோலில் துளி வியர்வையும் இன்மையையும் நோக்கி, "இது பேயன்று, ஊமத்தை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்றார். மூன்றாம் நாள் சிறுவன் தெளிந்தான். இடையில் நிகழ்ந்தது ஒன்றும் அவன் நினைவில் இல்லை. வேடிக்கையென்று அவன் நாடிச் சென்றது அவனுக்கு நினைவாகக் கூட எஞ்சவில்லை.

ஒரே செடி ஒருவருக்கு மூச்சைத் தந்தது. மற்றொருவனை உயிர்போகும் எல்லைவரை கொண்டுசென்றது. வேறுபாடு யாண்டுள்ளது? அளவில் என்பர் பலர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது மெய்யே. ஆயினும் அது விடையின் ஒரு பகுதியே. திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும் குறளில், மருந்தென்பது நான்கு கூறுகளை உடையதென்று வகுத்துரைக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்தாகிய பொருள், அதனைக் காலமறிந்து அளித்து அருகிருந்து பேணுவோன் என்பன அந்நான்கு. பொருள் மட்டும் மருந்தாகாது. நால்வகையும் கூடிய இடத்திலேயே அப்பொருள் மருந்தென்னும் பெயர் பெறும். என் பாட்டனாரிடத்தே இந்நான்கும் இருந்தன. அச்சிறுவன் கையில் இருந்தது பொருள் ஒன்றே.

இப்புகைமுறை எம்மூர் எல்லையோடு நின்றதன்று; உலக வைத்திய வரலாற்றிலும் சென்னையின் வாயிலாக இடம்பெற்றதென்று அறிந்து வியப்புற்றேன். சென்னையில் கும்பினியாரின் தலைமை வைத்தியராய் விளங்கியவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார். கொச்சினீல் பூச்சி வளர்ப்பிலும் பட்டுத் தொழிலிலும் ஊக்கங்கொண்டு, தோட்டக்கலையில் பேர்பெற்றவர் அவர். இந்நாட்டார் இரைப்பிற்கு ஊமத்தைப் புகையைப் பயன்படுத்துதலை அறிந்த அவர், அதனை ஜெனரல் ஜென்ட் என்னும் படைத்தலைவருக்கு உரைத்தார். 1802ஆம் ஆண்டில் ஜென்ட் அதனை இங்கிலாந்திற்குக் கொண்டுசென்றார். சிம்ஸ் என்னும் வைத்தியர் 1812ஆம் ஆண்டில் எடின்பரோ வைத்திய இதழில் அதுபற்றி எழுதினார். அதன்பின் அவ்வினத்தைச் சேர்ந்த செடிகளின் இலையாலாகிய இரைப்புச் சுருட்டுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறாண்டுகட்கு மேலாக விற்பனையாயின.

அப்புகை மூச்சை இளக்கியது எவ்வாறு? ஊமத்தையில் அட்ரோபின், ஹையோசயமின், ஸ்கோபாலமின் என்னும் சத்துக்கள் உள. நரம்புகள் உறுப்புகட்கு ஆணை விடுக்கப் பயன்படுத்தும் தூதுப்பொருள்களுள் அசிட்டைல்கோலின் என்பது ஒன்று. அத்தூது சென்று சேருமிடத்தை இச்சத்துக்கள் அடைத்துவிடுகின்றன. மூச்சுக்குழலைச் சுருக்குமாறு ஆணை செல்லாமையின் குழல் விரிகின்றது; நோயாளி உய்கின்றார். ஆனால் அதே அடைப்பு உடலெங்கும் நிகழின் உமிழ்நீர் வற்றும், வியர்வை நிற்கும், உடற்சூடு ஏறும், இதயம் விரையும், சிறுநீர் தடைப்படும். மூளையில் நிகழின் அறிவு குழம்பும். சத்தின் அளவும் செடிக்குச் செடி வேறு. இலைக்கும் விதைக்கும் வேறு. பருவத்திற்குப் பருவம் வேறு. ஆதலின் இத்தனை விதை எனின் தீங்கில்லை என்று எவராலும் கணக்கிட்டுக் கூற இயலாது. கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு அகல்வதில்லை.

இக்குறையை நீக்கவே இரசாயன நூலார் முயன்றனர். அட்ரோபினின் அமைப்பைச் சிறிதே மாற்றி இப்ராட்ரோபியம் என்னும் மருந்தை ஆக்கினர். இது மூச்சுக்குழலை விரிக்கும். மூளைக்குள் எளிதில் புகாது. இன்று இரைப்பு நோயாளர் முகரும் மருந்துகளுள் இதுவும் ஒன்று. ஆதலின் இக்காலத்தில் எவரும் ஊமத்தைப் புகையை நாடவேண்டுவதில்லை, நாடுதலும் ஆகாது. அட்ரோபினோ, பயிர்க்கு அடிக்கும் பூச்சிமருந்துகளுள் ஒருசாரன உண்டு உயிர்க்கு ஊசலாடுவாரைக் காத்தற்பொருட்டு ஆஸ்பத்திரிகளில் இன்றும் ஊசிவழி ஏற்றப்படுகின்றது. எம்மூர்ப் பக்கத்து உழவர் வீடுகளில் அதன் பயனை அறியாதார் சிலரே.

செடியின் மற்றொரு முகமும் பழையதே. 1563ஆம் ஆண்டில் கோவாவில் அச்சேறிய தம் நூலில் போர்த்துக்கேய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா, உணவில் ஊமத்தையைக் கலந்து கொடுத்துப் பொருளைக் கவரும் வழக்கத்தைக் குறித்துள்ளார். வழிப்போக்கர்க்குக் கொள்ளையர் இதனை ஊட்டியமை பற்றி, இந்திய நஞ்சு நூல்கள் இதற்குச் சாலை நஞ்சு என்றே பெயரிட்டுள்ளன. அறிவைப் பறித்தற்கென்றே திருடர் தேர்ந்தெடுத்த பொருளை, மாணவன் ஒருவன் தானே தனக்கு ஊட்டிக்கொள்ளுதல் எத்துணைப் பேதைமை!

இனிக் காளானிடம் வருவோம். 1845ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் கோடை வெப்பத்திற்கு அஞ்சி உறைவிடம் அமைத்த கொடைக்கானல், இன்று உல்லாசப் பயணிகள் மொய்க்கும் மலைநகர். அப்பக்கத்தில் மழைக்காலத்தில் தோன்றும் சைலோசைபி இனக் காளான்களைத் தேடி வருவோரும், அவர்க்கு மறைவில் விற்போரும், அவ்விருவரையும் பிடிக்கும் போலீசாரும் செய்தித்தாள்களில் அடிக்கடி இடம்பெறுகின்றனர். ஊமத்தையும் காளானும் ஒரே வகை மயக்கத்தை விளைப்பன என்று கருதுவார் உளர். அது பிழை. காளானிலுள்ள சைலோசைபின் என்னும் சத்து உடலில் சைலோசின் என மாறி, மூளையில் செரோட்டோனின் என்னும் தூதுப்பொருள் சேரும் இடங்களுள் ஒன்றைத் தூண்டுகின்றது. ஊமத்தை தூதை அடைக்கின்றது. காளான் வேறொரு தூதினைப் போலவே நடிக்கின்றது. ஏறத்தாழ நான்கு முதல் ஆறு மணி நேரம் நிறமும் ஒலியும் காலமும் தம் இயல்பு திரிந்து தோன்றும்; நான் எனது என்னும் எல்லை கரைவதுபோலப்படும். சிலர்க்கு அது பேரின்பமாகவும், சிலர்க்குப் பேரச்சமாகவும் முடிகின்றது.

இக்காளானை முதன்முதல் மருந்தாகக் கொண்டவர் மேனாட்டு வைத்தியர் அல்லர். மெக்சிகோ நாட்டு மலைகளில் வாழும் மசாத்தெக்கு மக்கள், நோய்க்குக் காரணம் காணும்பொருட்டு, இரவில், முதியோர் முன்னிலையில், சடங்காக இதனை உண்டுவந்தனர். மரியா சபினா என்னும் மூதாட்டி நடத்திய அத்தகைய சடங்கு ஒன்றில் 1955ஆம் ஆண்டில் கலந்துகொண்ட வாசன் என்னும் அமெரிக்கர், 1957ஆம் ஆண்டில் அதனை இதழொன்றில் எழுதினார். 1938ஆம் ஆண்டில் எல்.எஸ்.டி. என்னும் பொருளை ஆக்கி, 1943ஆம் ஆண்டில் அதன் மயக்கத்தைத் தாமே உணர்ந்த சுவிட்சர்லாந்து இரசாயனர் ஆல்பர்ட் ஹாப்மன், காளானின் சத்தை 1958ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தார். ஆய்வு ஒருபுறம் நடக்க, வேடிக்கை நாடிய கூட்டம் மறுபுறம் மரியா சபினாவின் ஊரில் வந்து குவிந்தது. ஊரார் வெகுண்டனர், மூதாட்டியின் இல்லம் எரிக்கப்பட்டது. நோயாளியின்றி, நோயின்றி, காட்சிக்காகவே வந்தாரைக் கண்டு அம்மூதாட்டி வருந்தினார் என்ப. அவர்தம் சடங்கிலும் நோயாளியும், அறிந்தவரும், பொருளும், உடனிருப்பாரும் என்னும் நான்கும் இருந்தமை நோக்கத்தக்கது. வந்து குவிந்தோர் கொண்டுசென்றது ஒன்றை மட்டுமே.

1971ஆம் ஆண்டில் வியன்னா நகரில் உருவான உலக உடன்படிக்கை இத்தகைய பொருள்களைக் கடுங்கட்டுக்குள் வைத்தது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டம் சைலோசைபினைத் தன் அட்டவணையிற் சேர்த்தது. ஆய்வுகள் பல ஆண்டுகள் ஏறத்தாழ நின்றுபோயின. இந்நூற்றாண்டிலேயே மீண்டும் தழைத்தன. 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரு பல்கலைக்கழகத்தார், புற்றுநோயால் மரண அச்சமும் சோர்வும் கொண்டார்க்கு இதனை அளித்து நற்பயன் கண்டனர். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த லண்டன் ஆய்வு ஒன்றில், மனச்சோர்வுற்ற 59 பேரிடையே இதனையும் வழக்கமான மருந்தொன்றையும் ஒப்பிட்டபொழுது, ஆய்வாளர் முதன்மையாகக் கொண்ட அளவுகோலில் இரண்டற்கும் இடையே திட்டமான வேறுபாடு காணப்படவில்லை. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த பெரிய ஆய்வில், பிற மருந்துகட்கு இணங்காத சோர்வுடைய 233 பேர் பத்து நாடுகளில் ஈடுபட்டனர். 25 மில்லிகிராம் ஒருமுறை பெற்றவர், 1 மில்லிகிராம் பெற்றவரினும் மூன்று வாரத்தில் மிகுதியாகத் தேறினர். ஆயினும் பன்னிரண்டு வாரம்வரை அப்பயன் நிலைத்தது ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கே. தலைவலி, குமட்டல் முதலியனவும், ஒருசிலரிடத்துத் தற்கொலை எண்ணமும் காணப்பட்டன. ஆஸ்திரேலியா 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி, அனுமதி பெற்ற மனநல வைத்தியர் மட்டும் இதனை அளிக்க இசைந்தது. எனவே, இது வெற்றுரையும் அன்று, சஞ்சீவியும் அன்று, ஆராய்ச்சியில் உள்ள மருந்து.

இவ்வாய்வுகள் நடக்கும் முறையை நண்பர்கள் ஊன்றி நோக்குக. முதலாவது, நோயாளர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். தமக்கேனும் நெருங்கிய உறவினர்க்கேனும் மனப்பிளவு நோய் முதலிய சித்தப்பிரமை இருந்தால் அவர் விலக்கப்படுகின்றனர். அத்தகையோர்க்கு இப்பொருள் உறங்கும் நோயை எழுப்பிவிடக்கூடும். இரண்டாவது, மருத்துவர் முன்னரே பன்முறை பேசி அவரை ஆயத்தம் செய்கின்றார். மூன்றாவது, தூய்மை செய்த பொருள் மில்லிகிராம் கணக்கில் நிறுத்தளிக்கப்படுகின்றது. நான்காவது, மயக்கம் நீங்கும்வரை பயிற்சி பெற்றோர் அருகைவிட்டு அகலாது அமர்ந்திருக்கின்றனர். வள்ளுவர் வகுத்த அந்நான்கே இவை! நூற்றாண்டுகள் பல கடந்து, கடல்கள் பல கடந்து, நம் குறள் கூறிய இடத்திற்கே இக்கால மருத்துவமும் வந்து சேர்ந்துள்ளது.

மலைச்சரிவில் மறைவாக உண்பவனிடம் இவற்றுள் எவை உள? தன் குடும்பத்தில் சித்தப்பிரமை உண்டா என்று அவன் வினவியதில்லை. விற்பவன் வைத்தியன் அல்லன். கையிலுள்ளது அக்காளான்தானா, அதனை ஒத்த நச்சுக்காளானா என்பதும் அவன் அறியான். ஈரலை அழிக்கும் கொடுங்காளான்கள் சில, உண்டு பல மணி நேரம் கழிந்த பின்னரே தம் தீங்கை வெளிக்காட்டுவன. அதற்குள் நஞ்சு வேரூன்றிவிடும். உடனிருப்போரோ தாமும் மயங்கிக் கிடப்பர். பக்கத்திலோ பள்ளத்தாக்கு.

ஈண்டு மற்றொன்றும் கூறற்பாலது. சட்டம் தடுத்ததெல்லாம் பெருநஞ்சு என்றும், தடுக்காததெல்லாம் தீங்கற்றது என்றும் மாணவர் பலர் எண்ணுகின்றனர். போதைப்பொருட் சட்டத்தின் அட்டவணையில் ஊமத்தை இல்லை. ஆயினும் உடலை நேரே அழிக்கும் ஆற்றலில் அது சைலோசைபினைவிடக் கொடியது. சைலோசைபின் நேரே உடலை நஞ்சூட்டிக் கொல்லுதல் அரிது; அச்சத்தாலும் தவறி வீழ்வதாலும் மனம் பேதுறுவதாலும் வருவதே அதன் பெருந்தீங்கு. சட்டம் ஒன்று, நஞ்சின் அளவு வேறொன்று. சட்டத்தை மதித்தல் குடிமகன் கடன். அறிவைத் துணைக்கொள்ளுதல் மனிதன் கடன். ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது.

எவரேனும் இவற்றை உண்டுவிட்டாராயின் யாது செய்வது? எம் தெருவில் வீணான நாழிகைகளே அதற்கு விடை. பேயென்று மந்திரிக்க வேண்டா. போலீசுக்கு அஞ்சி அறைக்குள் பூட்டிவைக்கவும் வேண்டா. தனித்து விடாமல், காலந்தாழ்த்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்று, உண்டது இன்னதென்பதை வைத்தியரிடம் மறையாது கூறுக. எஞ்சிய காயோ காளானோ இருந்தால் அதனையும் உடன்கொண்டு செல்க. மறைத்த உண்மை ஓர் உயிரின் விலையாகலாம்.

இவற்றையெல்லாம் தொகுத்துக்கொண்டு, விடுமுறைக்கு முன்னரே அந்நண்பரிடம் சென்று கூறினேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர், "அப்படியானால், மெய்யாகவே மனம் சோர்ந்து கிடப்பவன் யாது செய்வது?" என்று மெல்லக் கேட்டார். அப்பொழுதுதான் அவருடைய முதல் வினாவின் பொருள் எனக்கு விளங்கிற்று. தந்தையார் மறைந்த நாள்தொட்டு அவர் செவ்வனே உறங்கியதில்லை. வேடிக்கை காண அன்று, வேதனை தீர்வதற்கே அவர் அம்மலையை நினைத்திருந்தார். அன்றிரவு நகைத்தவர்களும் சினந்தவர்களும் வாய்மூடி யிருந்த யானும் அதனை அறிந்திலேம்.

மறுநாள் அவருடன் மனநல வைத்தியர் ஒருவரிடம் சென்றேன். வழக்கமான சிகிச்சையே அளிக்கப்பட்டது. விந்தைக் காட்சி ஒன்றும் இல்லை. மெல்ல மெல்ல உறக்கம் வந்தது. இன்று அவர் எம்மோடு பந்தாடுகின்றார். இத்தகைய துன்பமுடையார்க்கு 2022ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் அரசாங்கத் தொலைபேசி உதவி 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றிக் கிடைக்கின்றது என்பதையும் ஈண்டுக் குறித்து வைக்கின்றேன்.

மருந்தின் நான்கு கூறுகளுள் மருத்துவனாதல் நம்மில் ஒருசிலர்க்கே வாய்க்கும். மருந்தை ஆக்குதல் அதனினும் அரிது. நோயாளி ஆவதோ நம் விருப்பில் இல்லை. நான்காவது கூறாகிய அருகிருந்து பேணுதல் விடுதியில் ஒருங்கு வாழும் நம் ஒவ்வொருவர்க்கும் இயல்வது. அடுத்த அறையில் விளக்கு நள்ளிரவிலும் எரிந்துகொண்டிருப்பின், கதவைத் தட்டி, "தூக்கம் வரவில்லையா?" என்று ஒரு சொற் கேட்போமாக.